ஈரத் துணியின் நிறை

நடந்தவை, வரிசையாக:

1. மெக்கானிக்கல் இன்ஜினியரிங் முடித்தேன். படித்ததற்கு வேலை கிடைக்கவில்லை.

2. திருப்பூர் வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியின் மேல்மாடியில் இருந்த அலுவலகத்தில் சேர்ந்தேன். பள்ளிப் பிள்ளைகள் செல்போனில் படம் எடுத்து அனுப்பும் இயற்பியல் கணக்குகளுக்கு விடை எழுதி அனுப்புவது வேலை. எனக்குக் கொடுத்தது பதினோராம் வகுப்பின் முதல் பகுதி: விசை, நிறை, இயக்கம்.

3. சாய்தளம், கப்பி, லிப்ட், கயிற்றில் தொங்கும் கல் என்று கணக்கில்லாமல் வரைந்தேன்.

4. ஒரு லிப்ட் கணக்கு மட்டும் பாடப் புத்தகத்திலிருந்து வரவில்லை. சாயப்பட்டறையிலிருந்து வந்தது.

5. அதற்குச் சரியான விடை எழுதினோம்.

6. கணக்குப் போடும் இயந்திரம் வந்தது. அலுவலகத்தை மூடினார்கள்.

எங்கள் கல்லூரியின் முன்னாள் மாணவர் மலரில் பணி ஓய்வு பெற்றவர்களுக்கு என்று சில பக்கங்கள் ஒதுக்குவார்கள். மின்வாரியத்திலும் ரயில்வேயிலும் தலை நரைத்தவர்கள் எழுதுவார்கள். இந்த முறை மலரைப் பார்த்துக்கொள்ளும் ஜூனியர் பெண்கள் என்னைக் கூப்பிட்டார்கள். எனக்கு இன்னும் முப்பது ஆகவில்லை என்றேன். "உங்களுக்கில்லீங்க்கா, உங்க தொழிலுக்கு ரிடையர்மென்ட் ஆயிருச்சில்லீங்க்கா, அதான்" என்றாள் ஒருத்தி. மறுக்க முடியவில்லை. எழுதுகிறேன்.

பயிற்சிக் காலம் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கல்லூரியில் பாலத்தின் மீது செல்லும் சுமைகளைக் கணக்கிடப் படித்திருந்தேன். முதல் வாரத்தில், மேசைமீது சும்மா இருக்கும் ஒரு புத்தகத்தின் மீது என்னென்ன விசைகள் என்ற கேள்விக்கு நான் எழுதிய விடை இரண்டு முறை திரும்பி வந்தது. அதன் பிறகு ஒழுங்காகப் படிக்க ஆரம்பித்தேன்.

திருப்பி அனுப்பியவர் அருளப்பன் சார். எங்கள் பிரிவுக்குத் தலைவர். பள்ளிக்கூடத்தில் இயற்பியல் ஆசிரியராக இருந்து விருப்ப ஓய்வு வாங்கியவர். அவிநாசிபாளையத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். ஒரு ஃப்ளாஸ்க், ஒரு ஸ்டீல் ஸ்கேல், ஒரு பென்சில், இவ்வளவுதான் அவர் மேசையில் இருக்கும். யாருடைய விடையையும் தப்பு என்று சொல்லமாட்டார். "இன்னொருக்கா பாத்துட்டு வந்துருங்களேன்" என்பார். அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டால் முதல் கோட்டிலிருந்து மறுபடி வரைவோம்.

அவர் விடையைப் பார்க்கும் முறை தனி. முதலில் ஸ்கேலை வைத்து எண்கள் எல்லாவற்றையும் மறைத்துவிடுவார். படத்தை மட்டும் பார்ப்பார். படத்திலிருந்து கதை புரிந்தால்தான் ஸ்கேல் கீழே இறங்கும். எங்களுக்கு அவர் வகுத்த ஒழுங்கு இது:

ஒன்று, கேள்வியை இரண்டு தடவை படிக்கவேண்டும். இரண்டாவது தடவை எண்களை விட்டுவிட்டுப் படிக்கவேண்டும்.

இரண்டு, எந்தப் பொருளைப் பற்றிய கணக்கோ அதைச் சுற்றி ஒரு வட்டம். வட்டத்துக்கு வெளியே இருப்பது வேறு உலகம்.

மூன்று, அந்தப் பொருளைத் தொட்டுக்கொண்டிருப்பவை எவை? தொடும் ஒவ்வொன்றுக்கும் ஒரு அம்புக்குறி. தொடாமல் இழுப்பது பூமி ஒன்றுதான். அதற்கு ஒன்று.

நான்கு, ஒவ்வொரு அம்புக்குறியையும் தொட்டு, "இது யார் கொடுக்கற விசை?" என்று கேட்கவேண்டும். பதில் இல்லாத அம்பை அழித்துவிட வேண்டும்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் எண்.

நான்காவதில்தான் பிள்ளைகள் எல்லாரும் விழுவார்கள். பந்து மேலே போய்க்கொண்டிருக்கிறது என்றால், மேல்நோக்கி ஒரு அம்பு போட்டு "பந்தின் விசை" என்று எழுதுவார்கள். கையை விட்ட பிறகு பந்தை மேலே தள்ளுவது யாரும் இல்லை. அது போய்க்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். ஓடுகிற பொருளை யாரோ தள்ளிக்கொண்டே இருக்கவேண்டும் என்ற எண்ணத்தைப் பிள்ளைகளின் மனசிலிருந்து எடுப்பதுதான் எங்கள் வேலையில் பாதி.

எனக்குப் பக்கத்து இருக்கையில் பிரபு. அவன் ஒருநாள் சாரின் காதில் விழும்படியே சொன்னான்: "நம்ம சார்கிட்ட பூமிகூட, 'இழுத்துக்கட்டுமுங்களா'ன்னு கேட்டுட்டுத்தான் இழுக்கோணும்."

"கேட்டா நல்லதுதானுங்களே பிரபு" என்றார் சார், தலையைத் தூக்காமல். "யாரு இழுக்கறாங்கன்னு நமக்கும் தெரிஞ்சு போயிருமுங்க."

அந்த அலுவலகத்தில் நான் சந்தோஷமாக இருந்தேன். கீழே துணி வெட்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். மேலே நாங்கள் கணக்கு வரைந்துகொண்டிருப்போம். சரியான படம் கைக்கு வந்துவிட்டால் ஒரு குழந்தையின் குழப்பம் தீர்ந்துவிடும் என்று நம்பினேன். பெரும்பாலும் அப்படித்தான் நடந்தது.

கோகிலாவின் கேள்வி ஒரு மழைக்கால மாலையில் வந்தது. அப்போது பெயர் மட்டும்தான் தெரியும். கோடு போட்ட தாளில் நீல மையில் எழுதி, படம் எடுத்து அனுப்பியிருந்தாள்:

"ஒரு சரக்கு லிப்டின் அதிகபட்ச சுமை 500 கிலோ. அதில் 300 கிலோ துணியும் 60 கிலோ டிராலியும் உள்ளன. 56 கிலோ நிறையுள்ள ஒருவர் உள்ளே நிற்கிறார். 62 கிலோ நிறையுள்ள இன்னொருவர் கடைசியாக ஏறுகிறார். லிப்ட் மேல்நோக்கிப் போகும்போது கயிறு அறுகிறது. கடைசியாக ஏறியவர்தான் காரணமா? (5 மதிப்பெண்)"

கூட்டினேன். நானூற்று எழுபத்தெட்டு. வரம்புக்குள்தான். லிப்ட் கிளம்பும்போது கயிறு சுமையைத் தாங்கினால் மட்டும் போதாது, மேல்நோக்கி முடுக்கவும் வேண்டும்; அதனால் அந்த நேரத்தில் இழுவிசை கூடும். அதையும் எழுதினேன். ஆனால் 'காரணமா?' என்று முடிகிற கேள்வியை நான் அதுவரை பார்த்ததில்லை. இயற்பியல் கணக்கு 'காண்க' என்று முடியும், 'கணக்கிடுக' என்று முடியும். புத்தகத்தில் இல்லாத கேள்விகளை சார் பார்த்த பிறகுதான் அனுப்பவேண்டும் என்பது விதி. எடுத்துக்கொண்டு போனேன்.

சார் ஸ்கேலை எடுத்தார். எண்களை மறைத்தார். கேள்வியை மறுபடி படித்தார்.

"இந்தத் துணி எங்கிருந்துங்க எங்க போகுது?"

"கேள்வில இல்லீங்க சார்."

"கேட்டுருங்களேன்."

கேட்டு எழுதினேன். உடனே பதில் வந்தது. "ஹைட்ரோவிலிருந்து மாடியில இருக்கற டிரையருக்கு. அது கணக்குக்கு வேணுமாக்கா?"

வேண்டும். திருப்பூரில் பிறந்த எனக்கு முதலிலேயே தோன்றியிருக்க வேண்டிய விஷயம். இங்கே துணியை நிட்டிங்கில் பின்னி வரும்போது இருந்த எடையை வைத்துத்தான் பேசுவார்கள். ஒரே தடவையில் சாயம் போடும் துணிதான் லாட். முந்நூறு கிலோ லாட் என்றால், அது சாயத்தில் ஊறும்போதும் முந்நூறு கிலோ லாட்தான், பிழிந்து எடுக்கும்போதும் முந்நூறு கிலோ லாட்தான், காய்ந்து மடிக்கும்போதும் அப்படித்தான். அது துணியின் பெயர் மாதிரி. எந்த நேரத்திலும் அதன் எடை என்ன என்று யாரும் கேட்பதில்லை. ஹைட்ரோ மெஷின் சுழற்றிப் பிழிந்த பிறகும் பருத்தித் துணியில் தண்ணீர் நிற்கும். குறைத்து வைத்தாலும் துணியின் எடையில் பாதி.

சார் பென்சிலால் ஓரத்தில் எழுதினார். துணி 450. டிராலி 60. ஆள் யாரும் ஏறுவதற்கு முன்பே 510.

"கொடுக்கப்பட்டதுன்னு போட்டுட்டா கேள்வி கேக்காம எடுத்துக்கறதுங்க நம்ம வழக்கம்" என்றார். "இந்தக் கொளந்தைக்கு அந்த எண்ணை யாரோ வாயில சொல்லியிருக்கறாங்க. நெசமா நடந்துச்சுங்களான்னு கேளுங்க."

பிள்ளைகளோடு சொந்த விஷயம் பேசக்கூடாது என்பதும் விதிதான். சார் கேட்கச் சொன்னதால் கேட்டேன். பதில் சின்னச் சின்னத் துண்டுகளாக வந்தது.

நடந்திருந்தது. கோகிலாவின் அப்பா பொன்னுசாமி ஒரு சாயப்பட்டறையில் வேலை செய்தார். அவரோடு வேலை செய்தவர் ஒடிசாவிலிருந்து வந்த சுரேந்தர். ஹைட்ரோவில் பிழிந்த துணியை டிராலியில் ஏற்றி, சரக்கு லிப்டில் மாடிக்குக் கொண்டுபோவது இருவரின் வேலை. டிராலி நகராமல் ஒருவர் பிடிக்கவேண்டும், மேலே போனதும் இருவரும் தள்ளவேண்டும் என்பதால் இருவருமே அதில் ஏறிக்கொள்வார்கள். அன்று மேல்மாடியை நெருங்கும்போது கயிறு அறுந்தது. சுரேந்தர் டிராலிக்கு அடியில் சிக்கி இறந்துவிட்டார். பொன்னுசாமிக்கு வலது தொடை எலும்பு முறிந்து முட்டியும் நொறுங்கியது. விசாரணைக்கு வந்தவர்கள், ஆள் ஏறக்கூடாத லிப்டில் ஆள் ஏறியதுதான் காரணம் என்று எழுதிக்கொண்டு போனார்கள். கடைசியாக ஏறியது பொன்னுசாமி.

"தொடையில ராடு வெச்சிருக்காங்கக்கா. டாக்டர் எந்திரிச்சு நடக்கச் சொல்றாரு. இப்ப நடக்கலேன்னா முட்டி இறுகிப் போயிரும், அப்புறம் மடங்காதுன்னு சொல்றாரு. அப்பா மாட்டேங்கறாரு. நான் ஏறாம இருந்திருந்தா அவன் இருந்திருப்பான்னே சொல்லீட்டு இருக்காரு. அவர் ஏறினதால இல்லன்னு கணக்குல காட்டுனா நடப்பாருன்னு நெனச்சேன்."

ஆக, அவளுக்கு வேண்டியிருந்தது ஐந்து மதிப்பெண் இல்லை. அப்பாவின் கால்.

நாங்கள் ஒழுங்காக வரைந்தோம். லிப்டைச் சுற்றி வட்டம். கயிற்றின் இழுவிசை மேலே. துணி, டிராலி, தண்ணீர், இரண்டு ஆட்கள், எல்லாவற்றையும் பூமி கீழே இழுக்கிறது. தண்ணீருக்குத் தனியாக ஒரு அம்பு போட்டேன், அவளுக்குப் புரியவேண்டும் என்று. ஆட்கள் ஏறுவதற்கு முன்பே சுமை வரம்பைத் தாண்டிவிட்டது என்று கீழே எழுதினேன். சார் பார்த்தார். ஸ்கேலை இறக்கினார். அனுப்பினேன்.

"அப்ப அப்பா ஏறறதுக்கு முந்தியே ஓவர் லோடு. அப்பா காரணம் இல்ல!! இப்பவே போய்க் காட்டறேன்க்கா" என்று எழுதினாள். அதற்குக் கீழே வரிசையாகப் பூப் படங்கள்.

சார் அன்றைக்கு எல்லாருக்கும் டீயும் பப்ஸும் வாங்கிவரச் சொன்னார். எதற்கு என்று பிரபு கேட்டான். "ஒரு கணக்கு சரியா வந்துச்சுங்க" என்றார். அவர் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை.

அடுத்த நாள் மாலை அவளிடமிருந்து வந்தது இது:

"அப்பா ரொம்ப அழுகறாரு. லாட்டை ரெண்டாப் பிரிச்சு ரெண்டு நடையாக் கொண்டுபோறதுதான் வழக்கமாம். அன்னிக்கு ஒரே நடையில போட்டுடலாமுன்னு சொன்னதே அவருதானாம். இது எனக்குத் தெரியாதுக்கா. முந்தியாவது கஞ்சி குடிச்சிட்டு இருந்தாரு."

அவளுக்கு அனுப்பிய படத்தை மறுபடி திறந்து பார்த்தேன். அதுவரை அந்த மனிதருக்குத் தன் அறுபத்திரண்டு கிலோவை நொந்துகொள்ள மட்டும்தான் இடம் இருந்தது. அறுபத்திரண்டு கிலோவுக்கா கயிறு அறும் என்று பக்கத்து வீட்டார்கூட ஆறுதல் சொல்லியிருப்பார்கள். நாங்கள் சுமை முழுவதையும் கூட்டி, கோடு போட்டு, அவர் கையில் கொடுத்துவிட்டோம்.

சாரிடம் காட்டினேன். படித்தார். ஸ்கேலை எடுத்து எதையும் மறைக்காமல் வெறுமனே கையில் வைத்திருந்தார்.

"கணக்கு முடியலீங்க" என்றார் கடைசியில். "கயித்தப் பத்தி நாம ஒண்ணுமே சொல்லலீங்களே."

அது உண்மை. நான் கல்லூரியில் படித்ததும் அதுதான். லிப்டின் பலகையில் ஐநூறு என்று எழுதியிருந்தால் கயிறு ஐநூற்று ஒன்றில் அறாது. அதைப்போலப் பல மடங்கு தாங்கும் கயிற்றைத்தான் போடவேண்டும். இரண்டு ஆட்களையும் சேர்த்து அன்றைய சுமை அறுநூற்று இருபத்தெட்டு. நல்ல கயிற்றுக்கு அது ஒன்றுமே இல்லை. சாயப்பட்டறையின் நீராவியிலும் உப்பிலும் வருஷக்கணக்கில் நின்ற கயிறு துருப்பிடித்து இற்றுப்போயிருக்க வேண்டும். அப்படியென்றால் குற்றம் கயிற்றை மாற்றாதவர்களுடையது. ஒரே நடை என்று சொன்னவருடையது இல்லை.

"இதைச் சாட்டில் எழுத வேண்டாமுங்க" என்றார் சார். "நேரில போயிச் சொல்லலாம்."

ஞாயிற்றுக்கிழமை போனோம். கோகிலாவின் வீடு எங்கள் அலுவலகத்திலிருந்து நடந்து போகும் தூரம்தான் என்று அப்போதுதான் தெரிந்தது. வரிசையாகக் கட்டிய வாடகை வீடுகளில் கடைசி. கதவுக்கு நேராக ஒரு கட்டில். நடைபழக ஆஸ்பத்திரியில் வாங்கிய வாக்கர் சுவரோரம் நின்றது. அதன்மேல் பள்ளிச் சீருடையைக் காயப்போட்டிருந்தார்கள்.

கோகிலா சின்ன உருவம். இரட்டைச் சடை. எங்களைப் பார்த்ததும் அவசரமாகச் சீருடையை எடுத்தாள். அவள் அம்மா ஞாயிறு ஓவர்டைம் போயிருந்தார்.

"வாங்க சாமி. வா கண்ணு, உக்காரு" என்றார் பொன்னுசாமி. நாற்பத்தைந்து வயதிருக்கும். தலையணையைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நிமிர்ந்தார். "எந்திரிக்க முடியலீங்க. தப்பா நெனச்சுக்காதீங்க."

"நீங்க எந்திரிக்கோணுமுன்னுதானுங்க வந்திருக்கறோம்" என்றார் சார்.

"ஊட்டுல சேர் ஒண்ணுதானுங்க இருக்குது."

"நான் கீழ உக்காந்துக்கறேனுங்க. கீழ உக்காந்து பாடம் சொன்னாத்தான் எனக்குச் சௌரியமுங்க."

பொன்னுசாமி லேசாகச் சிரித்தார். சார் தரையில் உட்கார்ந்து தாளை விரித்தார். கயிற்றை வரைந்தார், அதன் கீழே லிப்டை வரைந்தார். எங்களுக்குச் சொல்வதைப் போலவே நிதானமாகச் சொன்னார்.

"பலகையில ஐநூறுன்னு இருந்துச்சுங்களா? அப்படீன்னா கயிறு அதப்போலப் பல பங்கு தாங்கோணுமுங்க. அதுதான் முறை. நீங்க ஏத்துனது அறுநூத்திச் சொச்சம். ஒரே நடைன்னு நீங்க சொன்னதுக்கெல்லாம் நல்ல கயிறு அறாதுங்க. அந்துச்சுன்னா, கயிறு கெட்டுப்போயிருந்துச்சுன்னு அர்த்தமுங்க."

பொன்னுசாமி தாளில் வரைந்திருந்த கயிற்றை விரலால் தொட்டார்.

"கயிறு கெட்டுத்தானுங்க இருந்துச்சு" என்றார்.

"பாத்தீங்களா..." என்று சார் ஆரம்பித்தார்.

"எனக்குத் தெரியுமுங்களே. நாலஞ்சு கம்பி அந்து, முள்ளாட்ட நீட்டிட்டு இருந்துச்சு. சுரேந்தரு கையில ஒருநா குத்தி ரத்தம் வந்துச்சு. சூப்பர்வைசர்கிட்டச் சொன்னமுங்க. மாத்தலாமுன்னாரு. அதுக்கப்பறம் அவனுக்கு அதுல ஏறறதுன்னாலே பயம். அன்னிக்கும் 'பையா, தோ டிரிப்'னு, அண்ணா ரெண்டு நடையாப் போலாமுன்னு, ரெண்டு வெரலக் காட்டுனான். பாதியாப் போட்டா கயிறு தாங்குமுன்னு அவனுக்கு ஒரு எண்ணம். நாந்தானுங்க சீக்கிரம் ஊட்டுக்குப் போலாமுன்னு ஒத்த வெரலக் காட்டுனேன். அவன் சிரிச்சுட்டே ஏறுனான்."

டம்ளர்களோடு வந்த கோகிலா அப்படியே நின்றாள். இதுவும் அவளுக்குப் புதிது என்று அவள் நின்ற விதத்திலேயே தெரிந்தது.

சார் பென்சிலை எடுத்தார், தாளின் மீது கொண்டுபோனார், ஒன்றும் எழுதவில்லை.

"சொல்லியும் கயித்த மாத்தலேன்னா அது அவுங்க தப்புதானுங்கண்ணா" என்றேன் நான். என் குரல் எனக்கே வகுப்பறைக் குரலாகக் கேட்டது.

"ஆமா கண்ணு. அவுங்க தப்புந்தான். அதுக்காக என்னோட தப்பு இல்லேன்னு ஆயிருமா?"

பொன்னுசாமி பணிவாகவே பேசினார். எங்களை மடக்கவேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. டீ ஆறிவிடும், குடியுங்கள் என்று இடையில் சொல்லிக்கொண்டிருந்தார். சுரேந்தருடைய ஊர்ப் பெயர் தனக்குச் சரியாக உச்சரிக்க வரவில்லை என்றும், உடம்பை எடுத்துப்போக வந்த அவருடைய அண்ணனைப் பார்க்கவே முடியவில்லை என்றும் சொன்னார். "மன்னிச்சுக்கங்கங்கறத இந்தியில எப்படிச் சொல்றதுன்னு கேட்டு வெச்சிருந்தேனுங்க. ஆஸ்பத்திரியில என்னைய உள்ள வெச்சிருந்தாங்க. அவுங்க அதுக்குள்ள கெளம்பிட்டாங்க."

கோகிலா டம்ளர்களைக் கீழே வைத்தாள். "அப்பா, இதெல்லாம் இருக்கட்டும்ப்பா. அதுக்கும் நீ நடக்கறதுக்கும் என்ன சம்பந்தம்? எந்திரிச்சு நாலு அடி வையி. இவங்க இருக்கறாங்கல்ல, பிடிச்சுக்குவாங்க."

"நடந்து எங்க கண்ணு போறது?" என்றார் அவர். "மறுக்காவும் அந்த லிப்டுக்குத்தான் போவோணும்."

அவள் வாக்கரை இழுத்துக் கட்டிலருகே வைத்தாள். அவர் அதைத் தொடவில்லை. அவள் அவர் கையைப் பிடித்து அதன்மேல் வைத்தாள். கை அங்கே கொஞ்சநேரம் இருந்தது. பிறகு நழுவிப் போர்வைக்குள் போய்விட்டது. அவள் மறுபடி எடுத்து வைக்கவில்லை.

திரும்பும்போது சார் என் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து வந்தார். பஸ் நிலையத்தில் இறங்கிய பிறகு, "விடை சரிதானுங்க சுகந்தி" என்றார். "ரெண்டு தடவையும் சரிதானுங்க." சொல்லிவிட்டுப் பஸ்ஸைத் தேடிப் போய்விட்டார். அதற்குப் பிறகு லிப்ட் கணக்கு எதையும் அவர் பார்க்கவில்லை. எடுத்துக்கொண்டு போனால், "நீங்களே அனுப்பிருங்க" என்பார். மின்னியல் பகுதிக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டார்.

நான் இன்னும் ஒரு முயற்சி செய்தேன். கயிற்றைப் பற்றி ஒரு மனு எழுதி, படத்தோடு, தொழிற்சாலைகளைப் பார்வையிடும் ஓர் அரசு அலுவலகத்தில் கொடுத்தேன். அங்கிருந்தவர் பொறுமையாகப் படித்தார். "நல்லா எழுதியிருக்கீங்கம்மா. கயிறு எங்க?" என்று கேட்டார். விபத்து நடந்த அன்றைக்கே அதைக் கழற்றிப் பழைய இரும்போடு சேர்த்துவிட்டார்கள் என்று பொன்னுசாமி சொல்லியிருந்தார். அதைச் சொன்னேன். மனுவை வாங்கி வைத்துக்கொண்டார். பதில் வரவில்லை.

கோகிலா அதன் பிறகும் கொஞ்ச நாள் கணக்குகள் அனுப்பினாள். எல்லாம் பாடப் புத்தகக் கணக்குகள். ஒரு லாரி நிற்க எவ்வளவு தூரம் ஆகும். சாய்தளத்தில் வழுக்கும் பெட்டிக்கு முடுக்கம் என்ன. படம் ஒழுங்காகப் போடுவாள். அம்புக்குறிகள் சரியாக இருக்கும். அப்பாவைப் பற்றிக் கேட்டால், "அப்படியேதான்க்கா" என்று மட்டும் எழுதுவாள். பிறகு நான் கேட்பதை நிறுத்தினேன். அவள் அனுப்புவதும் நின்றது.

அலுவலகத்தை மூடப்போகிறார்கள் என்று தெரிந்த வாரத்தில், எங்கள் இடத்துக்கு வரப்போகிற இயந்திரத்தைச் சோதித்துப் பார்க்கச் சொன்னார்கள். பிரபு கிண்டலான கேள்விகளாகக் கேட்டுக்கொண்டிருந்தான். நான் கோகிலாவின் கேள்வியை அவள் எழுதிய மாதிரியே தட்டினேன். அது தப்புச் செய்யும் என்று நினைத்தேன். செய்யவேண்டும் என்று ஆசைப்பட்டேன் என்பதுதான் சரி. நான் மூச்சு விடுவதற்குள் படம் வந்தது, அம்புகள் வந்தன, நானூற்று எழுபத்தெட்டும் வந்தது. அதற்குக் கீழே, துணி ஈரமாக இருந்திருந்தால் சுமை வரம்பைத் தாண்டியிருக்கலாம் என்று ஒரு வரி. கயிற்றின் நிலையைச் சோதிக்கவேண்டும் என்று இன்னொரு வரி. சாரும் நானும் நாள்கணக்கில் போன தூரம் முழுவதையும் அது ஒரே மூச்சில் போய், நாங்கள் நின்ற அதே இடத்தில் நின்றது.

ஜூனியர் பெண்கள், இந்தத் துறையில் இனி என்ன வாய்ப்பு என்று கேட்டிருந்தார்கள். எனக்குத் தெரிந்து ஒன்றும் இல்லை. வேலை போனதில்கூட எனக்கு அவ்வளவு வருத்தமில்லை. ஒரு பொருளின் மீது இருக்கும் விசைகளை ஒன்றுவிடாமல் சரியாக வரைந்துவிட்டால் அதற்கு அடுத்து என்ன ஆகும் என்று சொல்லிவிடலாம் என்பதுதான் நான் கற்ற ஒரே விஷயம். பெட்டிக்கும் லாரிக்கும் அது பொய்த்ததே இல்லை. கட்டிலில் படுத்திருக்கும் ஒரு மனிதரை எழுப்ப அதில் எதுவும் இல்லை. நன்றாகக் கணக்குப் போடத் தெரிந்ததால் எங்களுக்கு அது சீக்கிரம் தெரிந்தது, அவ்வளவுதான்.

இப்போதைய நிலை இது. நான் ஒரு பனியன் கம்பெனியில், தையல் லைனில் ஒரு பனியனுக்குக் கை வைத்துத் தைக்க எத்தனை நொடி ஆகிறது என்று ஸ்டாப் வாட்ச் வைத்துக் குறிக்கும் வேலையில் இருக்கிறேன். அருளப்பன் சார் வீட்டில் இருக்கிறார். கூப்பிட்டால் எடுப்பார், அதிகம் பேசமாட்டார். அந்தப் பட்டறையில் புது லிப்ட் போட்டிருக்கிறார்கள். ஆள் ஏறக்கூடாது என்று எழுதியிருக்கிறது. ஏறுகிறார்கள். கோகிலா பதினோராம் வகுப்போடு நின்றுவிட்டாள். ஒரு பனியன் கம்பெனியில், தைத்த துணியில் குறை பார்க்கும் செக்கிங்கில் இருக்கிறாள். காலையில் கம்பெனி வேனில் ஏறும்போது எப்போதாவது பார்ப்பேன், இருவரும் தலையசைத்துக்கொள்வோம். பொன்னுசாமியின் முட்டி இறுகிவிட்டது. இனி மடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எழுந்து நடக்கச் சொல்லி இப்போது அவரிடம் யாரும் கேட்பதில்லை.